பழியும் பொறுப்பும்: கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சின் துன்பியல் நாடகங்களில் கொலைக்குப் பிந்தைய நிலை

ஆய்வுச் சுருக்கம்

கி.மு. 458 முதல் கி.மு. 401 வரையிலான காலத்தில் ஏதென்சில் மேடையேறிய துன்பியல் நாடகங்களில், பிறர் சாவுக்குக் காரணமான பாத்திரங்கள் தம் செயலை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பண்டைக் கிரேக்கர் தீட்டையும் நாணத்தையும் மட்டுமே அறிந்திருந்தனர் என்றும், குற்றவுணர்வு பிற்காலத்தில்தான் தோன்றியது என்றும் கூறும் கருத்து இந்நாடகங்களுக்குப் பொருந்தாது என்பதை, ஏதென்சின் கொலைச் சட்டங்களோடு அவற்றை ஒப்புநோக்கி நிறுவ முற்படுகிறது. சட்டம் தீர்ப்பளித்து முடித்த பின்னும் செய்தவனிடம் எஞ்சி நிற்கும் ஒன்றையே இந்நாடகங்கள் மேடைக்குக் கொண்டுவந்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: துன்பியல் நாடகம், ஏதென்ஸ், பழி, தீட்டு, கொலைச் சட்டம், ஈஸ்கிலஸ், சோபோக்ளீஸ், யூரிப்பிடீஸ்

முன்னுரை

கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் கொலை பெரும்பாலும் பார்வையாளரின் கண்முன் நிகழ்வதில்லை. அரண்மனைக் கதவுக்கு அப்பால் ஒரு குரல் கேட்கும். அல்லது தூதுவன் ஒருவன் வந்து நடந்ததை விரித்துரைப்பான். பின்னர் உருளைகள் பொருத்திய மேடையொன்றின்மீது உடல்கள் வெளியே கொண்டுவரப்படும். கொலை மறைக்கப்படுகிறது, கொலைக்குப் பின் வரும் பொழுது முழுமையாகக் காட்டப்படுகிறது. செய்தவர் உடலருகே நின்று என்ன சொல்கிறார், யாரைக் காரணமாகக் காட்டுகிறார், அடுத்து என்ன செய்கிறார் என்பனவே நாடகத்தின் பொருளாகின்றன. ஆகவே, சாவையும் குற்றத்தையும் மனிதர் எதிர்கொள்ளும் முறையை ஆராய இந்நாடகங்கள் தக்க வரலாற்றுச் சான்றுகளாக அமைகின்றன.

இப்பொருள் குறித்த ஆய்வுகளில் இருவேறு நிலைப்பாடுகள் உள்ளன. 1951இல் வெளிவந்த தம் நூலில் ஈ. ஆர். டாட்ஸ், ஹோமர் காலத்து நாணப் பண்பாடு படிப்படியாகக் குற்றப் பண்பாடாக மாறியது என்னும் சட்டகத்தை முன்வைத்தார். 1993இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் இத்தகைய வளர்ச்சிக் கதைகளை மறுத்தார். செயல், நோக்கம், செய்தவரின் மனநிலை, ஈடுசெய்தல் ஆகிய பொறுப்பின் அடிப்படைக் கூறுகள் பண்டைக் கிரேக்கரிடமும் இருந்தன என அவர் வாதிட்டார். இவ்விரண்டுக்கும் இடையே ராபர்ட் பார்க்கர் 1983இல் வெளியிட்ட தீட்டு பற்றிய ஆய்வு, சமயத் தூய்மைக்கும் சமூக ஒழுங்குக்கும் உள்ள உறவை விரிவாக விளக்கியது. இக்கட்டுரை இவ்விவாதத்தை நாடகப் பாத்திரங்களின் சொல்லிலும் செயலிலும் வைத்துச் சோதிக்கிறது.

சொற்களும் சட்டமும்

கொலைக்குப் பின் ஒருவன்மீது படிவதைக் கிரேக்கர் ‘மியாஸ்மா’ என்றனர். இதனைத் தமிழில் ‘தீட்டு’ என்பது வழக்கம். ஆயின் தமிழில் தீட்டு என்பது நாள் கடந்தால் கழிவது; நீராடினால் நீங்குவது. கொலையால் வருவதைத் தமிழர் ‘பழி’ என்பர். பழி, செய்தவனைத் தொடர்வது. அவன் குடியையும் பற்றுவது. கொல்லப்பட்டவரின் பக்கத்திலிருந்து வருவது. மியாஸ்மா இவ்விரு சொற்களின் பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பில் ஒன்றை மட்டும் தேர்ந்தால் நாடகத்தின் ஒரு பாதி மறைந்துவிடும். எனவே, சடங்கால் கழிவதைத் தீட்டு என்றும், கழிந்த பின்னும் தொடர்வதைப் பழி என்றும் இக்கட்டுரை வேறுபடுத்தி ஆள்கிறது.

நாடகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஏதென்சின் சட்டம் நோக்கத்தைக் கருதியது. கி.மு. 621ஐ ஒட்டி டிராகோ வகுத்த கொலைச் சட்டம் கி.மு. 409/408இல் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது. 1843இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு, கருதாமல் கொன்றவனுக்கு நாடு கடத்தலை விதிக்கிறது. கொல்லப்பட்டவனின் தந்தை, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர் அனைவரும் ஒருமனதாக இசைந்தால் அவன் மன்னிக்கப்படலாம் என்றும், ஒருவர் மறுத்தாலும் மன்னிப்பு இல்லை என்றும் கூறுகிறது. வழக்கைத் தீர்க்க 51 நடுவர்களைக் குறிப்பிடுகிறது.

அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதெனியர் அரசமைப்பு’ என்னும் நூல் கொலை வழக்குகளுக்குரிய மன்றங்களைப் பட்டியலிடுகிறது. வேண்டுமென்றே செய்த கொலை அரியோபாகஸ் குன்றிலும், கருதாமல் நேர்ந்தது பல்லாடியனிலும், சட்டம் இசையும் கொலை எனக் கோரப்படுவது டெல்பினியனிலும் விசாரிக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவன் கோயிலுக்கும் பொதுவெளிக்கும் வரக்கூடாது என அறிவிக்கப்பட்டது. கொலையாளியோடு ஒரே கூரையின்கீழ் இருத்தலைத் தவிர்க்கவே இவ்வழக்குகள் திறந்தவெளியில் நடந்தன என அன்டிபோனின் உரையொன்று குறிப்பிடுகிறது. நோக்கத்தை நுணுகி ஆராயும் அறிவும், தீட்டுக்கு அஞ்சும் உணர்வும் ஒரே மன்றத்தில் ஒன்றாக இருந்தன என்பது இதனால் பெறப்படும். ஒன்று மறைந்து மற்றொன்று வந்தது எனல் பொருந்தாது.

உரிமை கோரலும் பகிர்தலும்

கி.மு. 458இல் முதற்பரிசு பெற்ற ஈஸ்கிலசின் ‘ஒரெஸ்டீயா’, முழுமையாக எஞ்சியுள்ள ஒரே முத்தொடர் நாடகமாகும். முதல் நாடகத்தில் கிளைட்டெம்னெஸ்ட்ரா, கணவன் அகமெம்னான், சிறைப்பட்டு வந்த கசாண்ட்ரா ஆகிய இருவர் உடல்களுக்கும் அருகில் நின்று தன் செயலை மறைக்காமல் அறிவிக்கிறாள். நாடு கடத்தப்படுவாய் என முதியோர் குழு எச்சரிக்கும்போது, மகள் இபிஜெனியாவைப் பலியிட்ட தந்தையை நீங்கள் ஏன் நாடு கடத்தவில்லை என வினவுகிறாள். மறுப்பதற்கு அரிய கேள்வி இது. ஆயின் உரையாடல் நீள நீள அவள் நிலை மாறுகிறது. இச்செயலைச் செய்தது தான் அல்லள் எனவும், அக்குடியைத் தொடரும் பழிவாங்கும் ஆவியே தன் உருவில் வந்து செய்தது எனவும் கூறுகிறாள். முதியோர் இதனை முற்றிலும் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. அவ்வாவி துணை நின்றிருக்கலாம், அதனால் நீ குற்றமற்றவள் ஆகிவிடமாட்டாய் என்பதே அவர்தம் விடை. தெய்வச் செயலும் மனிதப் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் இக்கருத்தே முத்தொடர் முழுவதற்கும் அடிப்படையாகிறது.

இரண்டாம் நாடகத்தில் ஒரெஸ்டீஸ் தாயைக் கொல்லுமுன் தயங்கி நின்று, என்ன செய்வது எனத் தோழன் பைலடீசிடம் கேட்கிறான். கொன்ற பின் தந்தையைச் சிக்கவைத்த ஆடையை விரித்துக் காட்டித் தன் செயலின் நியாயத்தை உரைக்கிறான். அவ்வுரை முடிவதற்குள் அவன் மனம் தடுமாறுகிறது. பழிவாங்கும் தெய்வங்களாகிய எரினிகளைக் காண்கிறான். அருகில் நிற்கும் பெண்கள் குழுவுக்கு அவை தெரியவில்லை. இவ்விடம் நோக்கத்தக்கது. பழி இங்குப் புறத்தே வரும் தெய்வமாகவும், செய்தவன் மட்டுமே காணும் தோற்றமாகவும் ஒருங்கே அமைகிறது.

மூன்றாம் நாடகமாகிய ‘யூமெனிடிஸ்’ இப்பழியைத் தீர்க்க மூன்று வழிகளைச் சோதிக்கிறது. முதலாவது சடங்கு: பன்றிக் குருதியால் தான் தூய்மை பெற்றதாக ஒரெஸ்டீஸ் கூறுகிறான், எரினிகள் விலகவில்லை. இரண்டாவது நீதிமன்றம்: அதீனா அரியோபாகசில் மன்றம் அமைக்கிறாள். ஒரெஸ்டீஸ் கொலையை மறுக்கவில்லை, நியாயத்தையே கோருகிறான். வாக்குகள் சமமாகின்றன, அதீனாவின் வாக்கால் விடுதலை பெறுகிறான். மூன்றாவது இணக்கம்: தோற்ற எரினிகளின் சினத்தைத் தீர்ப்புத் தணிக்கவில்லை. அதீனா நெடுநேரம் பேசி, நகரில் அவர்களுக்கு இருப்பிடமும் வழிபாடும் அளித்த பின்னரே அவர்கள் இணங்குகின்றனர்.

இதன் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. கி.மு. 462/461இல் எபியால்டீஸ் கொண்டுவந்த சீர்திருத்தம் அரியோபாகசின் அரசியல் அதிகாரங்களைப் பறித்துக் கொலை வழக்குகளைப் பெரிதும் அதனிடம் விட்டது. சிறிது காலத்தில் எபியால்டீசும் கொலையுண்டார். அந்நினைவு மாறாத பார்வையாளர் முன்னிலையில், குருதிக்குக் குருதி என்னும் தொடர் எவ்வாறு நிற்கும் என்ற கேள்வியை ஈஸ்கிலஸ் வைத்தார். சமமாகப் பிரிந்த வாக்குகள் அவர் தந்த விடையின் நேர்மையைக் காட்டுகின்றன. மகன் விடுதலை பெற்றான். ஆனால் நடுவரில் பாதிப்பேர் அவனைக் குற்றமற்றவனாகக் கருதவில்லை.

மௌனமாக வெளியேறுதல்

கிளைட்டெம்னெஸ்ட்ராவின் பேச்சுக்கு நேர்மாறாக, சோபோக்ளீசின் நாடகங்களில் மூன்று பெண்கள் உண்மையை அறிந்ததும் பேச்சற்று வெளியேறுகின்றனர். ‘அன்டிகனி’யில் யூரிடிஸி மகனின் சாவைக் கேட்டதும் ஒரு சொல்லும் கூறாமல் உள்ளே செல்கிறாள். ‘ஈடிபஸ் மன்ன’னில் ஜொகாஸ்டா, ஈடிபஸ் உண்மையைத் தேடுவதைத் தடுக்க முயன்று தோற்று, அவனை இனி வேறெவ்வாறும் அழைக்க இயலாது என்னும் பொருள்பட உரைத்துச் செல்கிறாள். ‘டிராக்கிஸ் பெண்கள்’ நாடகத்தில் டெயனைரா மகனின் குற்றச்சாட்டைக் கேட்டு, மறுமொழி தராமல் அகல்கிறாள். மூவரும் தம் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர்.

இவர்களுள் டெயனைராவின் நிலை தனித்து ஆராயத்தக்கது. கணவன் ஹெராக்ளிசின் அன்பை மீட்கும் மருந்தென நம்பி, நெஸ்ஸஸ் தந்த நஞ்சை ஆடையில் பூசி அனுப்புகிறாள். அந்த ஆடை அவன் உடலை அரிக்கிறது. அவள் பக்கம் நோக்கமின்மை இருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘மாக்னா மொராலியா’ ஏறத்தாழ இதே போன்ற வழக்கொன்றைக் குறிப்பிடுகிறது. ஒருத்தி வசிய மருந்து கொடுக்க, அருந்தியவன் இறந்தான். கருதிச் செய்யவில்லை என்பதால் அரியோபாகஸ் அவளை விடுவித்தது. டெயனைராவும் மன்றத்தின் முன் நின்றிருந்தால் விடுதலை பெற்றிருக்கக்கூடும். ஆனால் அவள் தனக்காக வாதிடவில்லை. மௌனம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் எனக் குழுவினர் எச்சரித்தும் அவள் திரும்பவில்லை.

ஏதென்சின் மன்றங்களில் பெண் தானே வழக்காட இயலாது. ஆண் உறவினரே அவளுக்காகப் பேச வேண்டும். டெயனைராவுக்காக அவள் இறந்த பின் மகன் ஹைலஸ் பேசுகிறான்; அவள் நல்லதையே நாடித் தவறினாள் என்கிறான். நெஸ்ஸசின் பெயரைக் கேட்ட ஹெராக்ளிஸ் தன் முடிவு நெருங்கியதை உணர்கிறான்; மனைவியைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் கூறவில்லை. வாதம் முன்வைக்கப்பட்டது, அதைக் கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. மன்னிப்பு மறுக்கப்படுவதினும் கொடியதாக, மன்னிப்பு என்னும் எண்ணமே எழாமல் போவதைச் சோபோக்ளீஸ் இங்குக் காட்டுகிறார். பெண்களின் சாவு துன்பியலில் அமையும் முறையை 1985இல் நூலாக ஆராய்ந்த நிக்கோல் லோரோ, அச்சாவுகள் உள்ளறையோடு பிணைந்திருப்பதைச் சுட்டினார். மன்றத்தில் குரலில்லாதவர் தம் பொறுப்பை ஏற்பதற்கும் உள்ளறையே இடமாயிற்று எனலாம்.

அறியாமல் செய்தவனின் பழி

ஈடிபஸ் தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் அறியாமல் நேர்ந்தவை. தீபஸ் நகரில் கொள்ளைநோய் பரவ, முன்னைய மன்னனைக் கொன்றவனை விலக்குமாறு அப்பொலோவின் ஆணை வருகிறது. அக்கொலையாளியோடு எவரும் பேசக்கூடாது, வேள்வியில் சேர்க்கக்கூடாது என ஈடிபஸ் அறிவிக்கிறான். இது ஏதென்சில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக விடுக்கப்படும் அறிவிப்பை ஒத்தது. பார்வையாளர் அதன் சட்டப் பொருளை நன்கறிவர். அவ்வறிவிப்பு அறிவித்தவன் தலைமீதே விழுகிறது.

உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். இத்துன்பங்களை நிறைவேற்றியவன் அப்பொலோ. ஆனால் கண்ணைக் குத்திய கை என்னுடையதே என்பது அவன் கூற்றின் சாரம். இறந்திருப்பதே மேல் எனக் குழுவினர் கூறும்போது அவன் தரும் விளக்கம் ஆழ்ந்தது: மறுவுலகில் தந்தையையும் தாயையும் எக்கண்களால் நோக்குவது என்கிறான். இங்கு அவன் அஞ்சுவது ஊரின் பார்வையை மட்டுமன்று. இறந்தோரின் பார்வையையும் ஆகும். நாணம், குற்றவுணர்வு என்னும் பிரிவினை இவ்விடத்தில் பயன் தருவதில்லை. தான் தீங்கிழைத்தவரை நேர்கொண்டு நோக்க இயலாமை இரண்டையும் ஒன்றாக்குகிறது.

நோக்கத்தைக் கருதும் சட்டம் டிராகோ காலம் முதலே இருந்ததால், ஈடிபசின் செயலை அறியாமையால் விளைந்த பழங்காலத் தீட்டச்சம் என ஒதுக்க இயலாது. சோபோக்ளீஸ் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 401இல் அவர் பேரன் மேடையேற்றிய ‘கொலோனசில் ஈடிபஸ்’ இதனை உறுதிசெய்கிறது. முதியவனான ஈடிபஸ் அந்நாடகத்தில் தேர்ந்த வழக்குரைஞன்போல் வாதிடுகிறான். தன்னைத் தாக்கியவனைத் தாக்கினேன், அவன் தந்தை என அறிந்திலேன், சட்டத்தின்படி தூயவன் என்கிறான். அவ்வாதத்தை எவரும் முறியடிக்கவில்லை. ஆயினும், தன் மகள்களை மீட்டுத் தந்த ஏதென்சின் மன்னன் தீசியசின் கையைப் பற்ற விழைந்தவன், இத்தகைய கறை படிந்தவனை நீ தொடலாகாது எனத் தானே பின்வாங்குகிறான். சட்டம் அளித்த விடுதலையை அவன் அறிவு ஏற்கிறது, கை ஏற்கவில்லை.

‘அன்டிகனி’யின் கிரியோன் நிலை வேறு. ஹேமோன் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறக்க, அவ்வுடலோடு வரும் கிரியோன், மனைவியும் இறந்ததை அறிகிறான். இறக்கும்போது அவள் அவனைச் சபித்ததையும் கேட்கிறான். இக்குற்றத்தை வேறெவர்மீதும் சாற்ற இயலாது, தானே கொன்றவன் என ஒப்புக்கொள்கிறான். அவன் கை எவரையும் நேரடியாகக் கொல்லவில்லை. ஆனால் அவன் ஆணைதான் மூன்று உயிர்களின் முடிவுக்குக் காரணம். கையால் செய்து நோக்கமில்லாத ஈடிபசும், கையால் செய்யாமல் ஆணையால் விளைவித்த கிரியோனும் பொறுப்பின் இரு எல்லைகளைக் குறிக்கின்றனர். ‘கவிதையிய’லில் அரிஸ்டாட்டில் ஆளும் ‘ஹமார்ட்டியா’ என்னும் சொல்லை ஒழுக்கக்கேடு எனப் பெயர்த்தல் தவறு. பிழைபடுதல், இலக்குத் தவறுதல் என்பவையே அதற்கு நெருங்கியவை. இப்பாத்திரங்கள் தீயோராக இல்லாமலே பழிக்கு உரியோராவது இப்பொருளோடு இயைகிறது.

உயிர் வாழ்தல் என்னும் விடை

யூரிப்பிடீசின் நாடகங்களில் கேள்வி சற்றே இடம் மாறுகிறது. பழிக்கு உரியவன் தொடர்ந்து வாழ்வது எவ்வாறு என்பதே அங்கு முதன்மை பெறுகிறது. கி.மு. 428இல் முதற்பரிசு பெற்ற ‘ஹிப்போலிட’சில், தீசியஸ் விசாரணையின்றி மகனைச் சபித்துச் சாவுக்குள்ளாக்குகிறான். இறக்கும் மகன் தந்தையைக் கொலைப்பழியிலிருந்து விடுவிக்கிறான். கொல்லப்பட்டவர் இறக்குமுன் விடுவித்தால் உறவினர் வழக்குத் தொடர இயலாது என்னும் ஏதென்சின் விதியை டெமாஸ்தனீசின் உரையொன்று குறிப்பிடுகிறது. மகனின் சொல் அன்பின் வெளிப்பாடாகவும் சட்ட வினையாகவும் ஒருங்கே அமைவதைப் பார்வையாளர் உணர்ந்திருப்பர்.

கி.மு. 408இல் மேடையேறிய ‘ஒரெஸ்டீஸ்’ நாடகத்தில், உன்னை வருத்தும் நோய் எது என வினவப்பட்டதும் ஒரெஸ்டீஸ் ‘சினெசிஸ்’ என விடையிறுக்கிறான். கொடியதைச் செய்தேன் என அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். ஈஸ்கிலசின் எரினிகள் இங்கு மனச்சான்றாக மாறிவிட்டன எனப் பலர் கருதுவர். ஆனால் அதே நாடகத்தில் அவன் எரினிகளையும் காண்கிறான்; நோயாளிபோல் படுக்கையில் துடிக்கிறான்; பின்னர் மேலும் கொலைகளுக்குத் துணிகிறான். தன் செயலை அறிந்திருத்தல் அவனைத் திருத்தவில்லை. எனவே இதனை அறவளர்ச்சியின் சான்றாகக் கொள்வதைவிட, அவ்வளர்ச்சியில் வைக்கும் நம்பிக்கைக்கு எச்சரிக்கையாகக் கொள்வதே பொருந்தும்.

‘ஹெராக்ளிஸ்’ நாடகம் இவ்வகையில் முதன்மையானது. தெய்வம் ஏவிய பித்தில் ஹெராக்ளிஸ் தன் மனைவியையும் மக்களையும் கொல்கிறான். தெளிந்தபின் சாகத் துணிகிறான். தீசியஸ் வருவதைக் கண்டு, தன் தீட்டு அவனைத் தீண்டாதிருக்கத் தலையை மூடிக்கொள்கிறான். நட்புடையாரை இத்தீட்டு அணுகாது எனக் கூறி தீசியஸ் அவன் முகத்தைத் திறக்கச் செய்கிறான். நெடிய வாதத்துக்குப் பின், சாதல் கோழைமையாகக் கருதப்படலாம் எனக் கண்டு வாழ்வைத் தேர்கிறான். இறந்த மக்களை அடக்கம் செய்யச் சட்டம் அவனுக்கு இடம் தரவில்லை. தன் தந்தை ஆம்பிட்ரியோனிடம் அப்பணியை ஒப்படைக்கிறான். மக்களைக் கொன்ற வில்லை விட்டெறிவதா, சுமப்பதா எனத் தடுமாறி, இறுதியில் அதனையே சுமந்து செல்கிறான். தீசியஸ் கை நீட்ட, குருதி உன் ஆடையில் படும் எனத் தயங்குகிறான். படட்டும், மறுக்கமாட்டேன் என்கிறான் தீசியஸ்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஏதென்சின் சட்டம் நோக்கத்தை வேறுபடுத்தி அறிந்திருந்தது. நாடகங்கள் அவ்வறிவைப் பார்வையாளரிடம் எதிர்பார்த்தே இயங்கின. இரண்டாவதாக, தீட்டிலிருந்து மனச்சான்றுக்கு என்னும் நேர்கோட்டு வளர்ச்சி காணப்படவில்லை. கி.மு. 458இன் ஒரெஸ்டீசிடம் அகத்தோற்றமும், கி.மு. 401இல் மேடையேறிய ஈடிபசிடம் தீட்டுணர்வும் உள்ளன. மூன்றாவதாக, சடங்கும் தீர்ப்பும் முடிந்த பின்னும் எஞ்சும் பழியே துன்பியல் நாடகத்தின் உரிய களமாகும்.

கொலோனசில் ஈடிபஸ் தீசியசின் கையைத் தொடாமல் விலகுகிறான். ஹெராக்ளிசோ அதே தீசியஸ் நீட்டிய கையைப் பற்றிச் செல்கிறான். இரு காட்சிகளிலும் சட்டம் செய்யக்கூடியது எதுவும் மீதமில்லை. பழியைச் சுமப்பவனுக்கும் அவனருகில் நிற்பவனுக்கும் இடையே நிகழ்வதே மீதம். கொன்றவனைக் கண்டறிவதும் தண்டிப்பதும் மன்றத்தின் பணி; அதற்குப் பின் அவனோடு எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வியை ஏதெனியர் அரங்கில் அமர்ந்து எண்ணினர்.